வெளிப்புற மோடங்களும் திறந்த மூல இயங்குதளங்களும்

வெளிப்புற மோடம் என்பது கணினிப் பெட்டிக்கு வெளியே தனி உறையில் அமைந்து, கணினியைத் தொலைபேசித் தடத்துடன் இணைக்கும் கருவியாகும். அகலப்பட்டை இணைப்புகள் பரவுவதற்கு முன்பு வீட்டிலிருந்து இணையத்தை அடைய மோடமே வழியாக இருந்தது. 1990களின் பிற்பாதியிலும் 2000களின் தொடக்கத்திலும் லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி போன்ற திறந்த மூல இயங்குதளங்களைப் பயன்படுத்தியவர்கள், தங்கள் கணினியில் இயங்கக்கூடிய மோடத்தைத் தேடி அலைய வேண்டியிருந்தது. கடைகளில் மலிவாகக் கிடைத்த உட்புற மோடங்களுள் மிகப் பல விண்டோஸ் இயங்குதளத்துக்காக மட்டுமே செய்யப்பட்டிருந்தன. சீரியல் போர்ட்டில் செருகும் வெளிப்புற மோடமோ ஏறத்தாழ எல்லா இயங்குதளங்களிலும் இயங்கியது.

ஒரே வேலையைச் செய்யும் இரு கருவிகளுக்கு இடையே இத்தகைய வேறுபாடு எப்படி வந்தது, அதைப் பயனர்களும் நிரலாளர்களும் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மோடம் செய்யும் வேலை

கணினி 0, 1 ஆகிய இரு நிலைகளை மட்டுமே அறியும். தொலைபேசித் தடம் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகளை மட்டுமே அது கொண்டு செல்லும். எனவே கணினியின் பிட்டுகளை ஒலியாக மாற்றித் தடத்தில் அனுப்பவும், மறுமுனையில் அந்த ஒலியை மீண்டும் பிட்டுகளாக மாற்றவும் ஒரு கருவி தேவைப்பட்டது. அனுப்பும்போது செய்யப்படும் மாற்றம் பண்பேற்றம் (மாடுலேஷன்) என்றும், பெறும்போது செய்யப்படும் மாற்றம் பண்பிறக்கம் (டிமாடுலேஷன்) என்றும் அழைக்கப்படும். இவ்விரு சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்தே மோடம் என்ற பெயர் உருவானது.

அமெரிக்காவின் ஏ.டி. அண்ட் டி. நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட பெல் 103 மோடம் இதற்கு எளிய எடுத்துக்காட்டு. அழைக்கும் பக்கத்து மோடம் 0 என்பதற்கு 1070 ஹெர்ட்ஸ் ஒலியையும் 1 என்பதற்கு 1270 ஹெர்ட்ஸ் ஒலியையும் எழுப்பியது. அழைப்பை ஏற்கும் பக்கத்து மோடம் 2025, 2225 ஹெர்ட்ஸ் ஒலிகளைப் பயன்படுத்தியது. இரு பக்கத்து ஒலிகளும் வெவ்வேறாக இருந்ததால் இரு திசைகளிலும் ஒரே நேரத்தில் தகவல் சென்றது. இதன் வேகம் நொடிக்கு 300 பிட்.

முழுமையான ஒரு மோடத்தின் உள்ளே மூன்று பகுதிகள் உண்டு.

முதலாவது, தொலைபேசித் தடத்துடன் இணையும் மின்சுற்று. தடத்திலுள்ள ஒலியை எண்களாகவும், எண்களை ஒலியாகவும் மாற்றும் பகுதி இதனுடன் சேர்ந்தது.

இரண்டாவது, பண்பேற்றத்துக்கும் பண்பிறக்கத்துக்கும் வேண்டிய கணக்குகளைச் செய்யும் பகுதி. பிற்கால மோடங்களில் இதற்கென்று சமிக்ஞைச் செயலி எனப்படும் தனிச் சில்லு இருந்தது.

மூன்றாவது, கட்டுப்பாட்டுப் பகுதி. கணினி இடும் கட்டளைகளைப் புரிந்துகொள்வது, எண்ணைச் சுழற்றுவது, பிழை திருத்துவது, தகவலைச் சுருக்குவது ஆகியவை இதன் பணிகள்.

இம்மூன்றில் எவை மோடத்துக்குள் இருக்கின்றன, எவை கணினியின் தலையில் கட்டப்படுகின்றன என்பதே பின்னாளில் எழுந்த சிக்கலின் வேர்.

பொதுவான இணைப்பு முறை

மோடத்தைக் கணினியுடன் இணைப்பதற்கான ஆர்எஸ்-232 என்னும் தரநிலை 1960இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. எந்த ஊசியில் எந்தச் சமிக்ஞை வரவேண்டும், அதன் மின்னழுத்தம் என்ன என்பன அதில் வரையறுக்கப்பட்டன. இத்தரநிலை வெளிப்படையாக இருந்ததால் ஒரு நிறுவனத்தின் கணினியில் வேறொரு நிறுவனத்தின் மோடத்தைச் செருக முடிந்தது. பிற்காலத் தனிமனிதக் கணினிகளின் பின்புறத்தில் இருந்த 25 ஊசி அல்லது 9 ஊசி சீரியல் போர்ட் இதன் வழிவந்ததே.

தொலைபேசித் தடத்தின் பக்கம் நிலைமை வேறாக இருந்தது. அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனம் தன்னுடையது அல்லாத எந்தக் கருவியையும் தன் தடத்தில் இணைக்க விடவில்லை. கார்ட்டர்ஃபோன் என்னும் கருவியைப் பற்றிய வழக்கில் அந்நாட்டின் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் 1968இல் அளித்த முடிவு இத்தடையைத் தகர்த்தது. வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத பிறர் கருவிகளை இணைக்கலாம் என்றானது. ஆயினும் நேரடி இணைப்புக்கான விதிகள் 1970களில் சீராகும் வரை பலர் ஒலிவழி இணைப்பியையே பயன்படுத்தினர். தொலைபேசியின் கைப்பிடியை இரண்டு ரப்பர்க் கிண்ணங்களில் கவிழ்த்து வைத்தால், ஒலிபெருக்கியும் ஒலிவாங்கியும் மின் தொடர்பு இல்லாமலேயே தகவலைப் பரிமாறிக்கொள்ளும்.

ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடமும் ஏடி கட்டளைகளும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டென்னிஸ் ஹேய்ஸ், டேல் ஹெதரிங்டன் ஆகிய இருவரும் நடத்திவந்த நிறுவனம் 1981இல் ஸ்மார்ட்மோடம் என்ற வெளிப்புற மோடத்தை வெளியிட்டது. வேகம் பழைய 300 பிட்தான். புதுமை அதன் கட்டளை முறையில் இருந்தது.

அதுவரை வெளிப்புற மோடங்களில் எண்ணைச் சுழற்றுவதற்குப் பெரும்பாலும் ஆளோ தனிக் கருவியோ வேண்டியிருந்தது. ஸ்மார்ட்மோடத்துக்கோ தகவல் செல்லும் அதே கம்பி வழியாகச் சாதாரண எழுத்துகளில் கட்டளை இடலாம். ஒவ்வொரு கட்டளையும் 'ஏ', 'டி' என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். 'கவனி' என்ற பொருள்தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது. அந்த இரண்டு எழுத்துகள் வந்து சேரும் விதத்தைக் கொண்டே கணினியின் வேகத்தையும் மோடம் கணித்துக்கொண்டது. ஏடிடிடி என்று எழுதி எண்ணைச் சேர்த்தால் ஒலி முறையில் சுழற்றும். ஏடிடிபி என்றால், பழைய தொலைபேசி நிலையங்களுக்கு ஏற்ற துடிப்பு முறையில் சுழற்றும். ஏடிஎச் என்றால் இணைப்பைத் துண்டிக்கும். மோடமும் 'ஓகே', 'கனெக்ட்', 'நோ கேரியர்' என்று சொற்களிலேயே பதிலளிக்கும்.

பிற நிறுவனங்கள் இக்கட்டளைத் தொகுப்பை விரைவிலேயே பின்பற்றத் தொடங்கின. விளம்பரங்களில் 'ஹேய்ஸ் இணக்கமுடையது' என்று எழுதுவது வழக்கமானது. ஆர்எஸ்-232 கம்பி, ஏடி கட்டளைகள் ஆகிய இரண்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால், கணினியில் எந்த இயங்குதளம் இருக்கிறது என்பது மோடத்துக்குத் தேவையற்ற செய்தியாயிற்று. எழுத்துகளை அனுப்பவும் பெறவும் தெரிந்த எந்தக் கணினியும் மோடத்தை இயக்கலாம். வேகம் 1984இல் வி.32 தரநிலையால் 9600 பிட்டாகவும், 1994இல் வி.34 தரநிலையால் 28,800 பிட்டாகவும் உயர்ந்தபோதும் கணினியின் பக்கத்து முறை மாறவில்லை. ஹேய்ஸ் நிறுவனம் 1999இல் கலைக்கப்பட்டது. அதன் கட்டளைகள் மட்டும் நிலைத்துவிட்டன.

லினக்சின் பிறப்பில் மோடம்

லினக்சின் தொடக்கத்திலேயே மோடத்துக்கு ஓர் இடம் உண்டு. பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இன் தொடக்கத்தில் 386 செயலியுடைய கணினி ஒன்றை வாங்கினார். வீட்டிலிருந்து மோடம் வழியாகப் பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் கணினியுடன் இணைவது அவருக்குத் தேவையாக இருந்தது. மினிக்ஸ் இயங்குதளத்தில் இருந்த முனைய நிரல் நிறைவளிக்காததால், எந்த இயங்குதளத்தின் துணையும் இல்லாமல் நேரடியாக வன்பொருளில் இயங்கும் ஒரு முனைய நிரலைத் தாமே எழுதினார். அதன் ஒரு பகுதி விசைப்பலகையில் அடித்ததை மோடத்துக்கு அனுப்பியது. மற்றொரு பகுதி மோடத்திலிருந்து வந்ததைத் திரையில் காட்டியது.

பின்னர், இறக்கிய கோப்புகளைச் சேமிக்க வேண்டியிருந்ததால் வட்டு இயக்கியைச் சேர்த்தார். அடுத்துக் கோப்பு முறைமையைச் சேர்த்தார். இப்படி வளர்ந்த நிரலே இயங்குதளமாக மாறியது. ஒருமுறை மோடத்துக்குச் செல்ல வேண்டிய சுழற்றும் கட்டளை தவறுதலாக வன்வட்டுக்குச் சென்று, அதிலிருந்த மினிக்ஸ் பகுதி அழிந்துபோனது என்பதையும் அவர் பதிவு செய்துள்ளார். லினக்சின் 0.01 பதிப்பு 1991 செப்டம்பரில் வெளிவந்தது.

பின்னர் சீரியல் போர்ட்டுக்கான லினக்ஸ் இயக்கியைத் தியோடர் சோ மேம்படுத்திப் பராமரித்தார். விண்டோசில் காம்1 எனப்படும் போர்ட், லினக்சில் டிடிஒய்எஸ்0 என்ற கோப்பாகத் தோன்றும். அந்தக் கோப்பில் எழுதினால் மோடத்துக்குப் போகும். கோப்பைப் படித்தால் மோடம் சொல்வது கிடைக்கும். மினிகாம் போன்ற முனைய நிரல்களும், இணைய இணைப்பை ஏற்படுத்தும் பிபிபி நிரலும் இதன்மேல் இயங்கின. எனவே 1990களின் முற்பாதியில் லினக்சுக்கு ஏற்ற மோடம் எது என்ற கேள்விக்கே இடமில்லை. அக்காலத்து உட்புற மோடங்களும் ஒரு சீரியல் போர்ட்டைத் தமக்குள்ளேயே வைத்திருந்ததால், அவற்றின் இணைப்பு முனைகளைச் சரியாக அமைத்தால் போதும், அவையும் இயங்கின.

வின்மோடங்களின் வருகை

1990களின் நடுவில் இரண்டு மாற்றங்கள் ஒன்றுசேர்ந்தன. கணினிச் செயலிகள் வேகமாக வளர்ந்து, பெரும்பாலான நேரம் வேலையின்றி இருந்தன. அதே வேளையில் கணினி விலை வீழ்ந்து, ஒவ்வோர் உறுப்பின் விலையையும் குறைக்குமாறு உற்பத்தியாளர்களை நெருக்கியது. மோடத்துக்குள் உள்ள சில்லுகளை எடுத்துவிட்டு, அவற்றின் வேலையைக் கணினியின் மையச் செயலியிடம் ஒப்படைத்தால் என்ன என்ற எண்ணம் இதிலிருந்து பிறந்தது.

இவ்வகை மோடங்கள் மென்மோடங்கள் என்று பொதுவாக அழைக்கப்பட்டன. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் நிறுவனம் தன் மோடங்கள் சிலவற்றுக்கு இட்ட வின்மோடம் என்ற வணிகப்பெயரே நாளடைவில் இவை அனைத்துக்கும் பொதுப்பெயராக வழங்கலாயிற்று. இவற்றில் இரு வகைகள் இருந்தன.

முதல் வகையில் கட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் நீக்கப்பட்டிருக்கும். சமிக்ஞைச் செயலி அட்டையிலேயே இருக்கும். லூசென்ட் நிறுவனத்தின் மோடங்கள் பலவும், கொனெக்சன்ட் நிறுவனத்தின் எச்சிஎஃப் வகையும் இப்படிப்பட்டவை.

இரண்டாம் வகையில் சமிக்ஞைச் செயலியும் இராது. தடத்துடன் இணையும் மின்சுற்றும், ஒலியை எண்ணாக மாற்றும் சில்லும் மட்டுமே அட்டையில் இருக்கும். எல்லாக் கணக்குகளையும் கணினியே செய்யும். பிசிடெல் மோடங்களும், கொனெக்சன்டின் எச்எஸ்எஃப் வகையும், மோட்டோரோலாவின் எஸ்எம்56 மோடமும் இதில் அடங்கும். இன்டெல் 1997இல் வெளியிட்ட ஏசி'97 ஒலித் தரநிலை மோடத்துக்கும் இடமளித்ததால், தாய்ப்பலகைகளிலும் மடிக்கணினிகளிலும் இவ்வகை பெருகியது.

பொறியியல் நோக்கில் இது தவறான முறை அன்று. சில்லுகள் குறைந்ததால் விலை குறைந்தது. புதிய தரநிலை வரும்போது மென்பொருளை மாற்றினால் போதும். 1998இல் நொடிக்கு 56,000 பிட் வேகம் தரும் வி.90 தரநிலை வந்தபோது இந்த வசதி பெரிதும் பயன்பட்டது. செயலிக்குச் சுமை கூடியது, கணினி வேறு வேலையில் மும்முரமாகும்போது சில நேரம் இணைப்பு அறுந்தது ஆகியவை குறைகள்.

திறந்த மூல இயங்குதளப் பயனர்களைத் தாக்கியது வேறொன்று. மோடத்தின் பெரும்பகுதி இப்போது மென்பொருளாக மாறியிருந்தது. அந்த மென்பொருள் விண்டோசுக்கு மட்டுமே எழுதப்பட்டது. அதன் மூலநிரலும் வெளியிடப்படவில்லை. சில்லுடன் எப்படிப் பேச வேண்டும் என்ற விவரமும் வெளியிடப்படவில்லை. ஏடி கட்டளைகளைப் புரிந்துகொள்ள அட்டையில் யாரும் இல்லை. லினக்ஸ் பயனருக்கு அந்த அட்டை, மூளை நீக்கப்பட்ட உடலாகவே கிடைத்தது.

பயனர்கள் அடைந்த இடர்

சிக்கலின் கொடுமை அது வெளிப்பட்ட முறையில் இருந்தது. ஒருவர் லினக்சை நிறுவுவார். திரை, விசைப்பலகை, வட்டு எல்லாம் இயங்கும். இணையம் மட்டும் வராது. மோடம் பழுது என்று எண்ணி விண்டோசுக்குத் திரும்பினால் அங்கே அது ஒழுங்காக வேலை செய்யும். ஆகவே குற்றம் லினக்சின்மேல் விழுந்தது. தீர்வுக்கான இயக்கி எங்காவது இருந்தாலும், அதை இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையத்தை அடைய மோடம் வேண்டும். பலர் விண்டோசில் இணைந்து கோப்பை இறக்கி, நெகிழ்வட்டில் எடுத்துவந்து, லினக்சில் நிறுவிப் பார்த்தனர்.

இந்தியாவில் இந்நிலை இன்னும் கூர்மையாக இருந்தது. விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. தொடக்க நகரங்களுள் சென்னையும் ஒன்று. அதன்பின் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் தொலைபேசிவழி இணைப்பே வீடுகளில் பெருவழக்காக இருந்தது. முழு லினக்சை இத்தடத்தில் இறக்குவது நடவாத செயல் என்பதால், 1990களின் பிற்பாதியில் பிசிகுவெஸ்ட் போன்ற கணினி இதழ்கள் இதழோடு இணைத்துக் கொடுத்த குறுவட்டுகளிலிருந்தே பலர் லினக்சைக் கற்றனர். இயங்குதளம் இலவசமாகக் கைக்கு வந்தது. ஆனால் பகுதிகளை வாங்கி உள்ளூரில் பூட்டிய கணினிகளில் மலிவான உட்புற மோடமே பெரும்பாலும் இருந்தது. இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்த விரும்பியவர், மோடத்துக்காக மறுபடியும் செலவழிக்க வேண்டிய நிலை உருவாயிற்று.

பொருந்தும் மோடத்தைக் கண்டறிந்த முறைகள்

எந்த மோடம் இயங்கும் என்ற அறிவைப் பயனர்களே சேர்த்துக் கட்டினர். லினக்ஸ் ஆவணத் திட்டம் மோடங்களுக்கென்று ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. தன்னார்வலர்கள் நூற்றுக்கணக்கான மோடங்களின் மாதிரி எண்களைத் திரட்டி, இயங்குவது, இயங்காதது, இயக்கி இருந்தால் இயங்குவது என்று பட்டியலிட்டனர். ஒரே பெயரில் விற்கப்பட்ட மோடத்துக்குள் வெவ்வேறு சில்லுகள் இருந்ததால், பெட்டியில் அச்சிட்ட பெயரை மட்டும் நம்ப முடியவில்லை. அட்டையிலிருந்த சில்லின் எண்ணையும், பிசிஐ அடையாள எண்ணையும் பார்த்து முடிவு செய்தனர்.

கடையில் நிற்கும்போது பயன்படும் சில அடையாளங்களும் அனுபவத்தில் தெரியவந்தன. பெட்டியில் 'விண்டோஸ் தேவை' என்று மட்டும் எழுதியிருந்தால் ஐயப்பட வேண்டும். குறைந்தது இன்ன வேகச் செயலி வேண்டும் என்று எழுதியிருந்தால், கணக்குகளைக் கணினியின் செயலியே செய்யப்போகிறது என்று பொருள். 'டாஸ் இயங்குதளத்திலும் இயங்கும்' என்ற வரி இருந்தால் அது பெரும்பாலும் முழுமையான மோடம்.

இவை எல்லாவற்றையும்விட நம்பகமான விதி ஒன்று இருந்தது. அது, சீரியல் போர்ட்டில் இணையும் வெளிப்புற மோடத்தை வாங்குவது. சீரியல் கம்பி வழியாக எழுத்துகளை மட்டுமே அனுப்ப இயலும் என்பதால், மோடத்தின் கணக்குகளைக் கணினிக்குத் தள்ளிவிட அதில் வாய்ப்பு மிகக் குறைவு. மூன்று பகுதிகளும் உறைக்குள்ளேயே இருந்தாக வேண்டும். யு.எஸ். ரோபாட்டிக்சின் கூரியர், ஸ்போர்ட்ஸ்டர் வெளிப்புற மோடங்கள் லினக்ஸ் பயனர்களிடையே நல்ல பெயர் பெற்றிருந்தன. வின்மோடம் என்ற பெயரைத் தந்த நிறுவனமே இவற்றையும் செய்தது என்பது கவனிக்கத்தக்கது.

வெளிப்புற மோடத்துக்கு வேறு நன்மைகளும் இருந்தன. முகப்பு விளக்குகளைப் பார்த்தே தடம் எடுக்கப்பட்டதா, மறுமுனை கிடைத்ததா, தகவல் ஓடுகிறதா என்று அறியலாம். மோடம் சிக்கிக்கொண்டால் அதை மட்டும் அணைத்துப் போடலாம். கணினியை நிறுத்த வேண்டியதில்லை. ஒரு கணினியிலிருந்து கழற்றி மற்றொன்றில் செருகலாம். விலை கூடுதல் என்பதும், மேசையில் இடமும் தனி மின்செருகியும் வேண்டும் என்பதும் குறைகள்.

இவ்விதிக்கும் விலக்குகள் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ஜியோபோர்ட் இணைப்பி, வெளியே தனி உறையில் இருந்தும் முழுமையான மோடம் அன்று. மக்கின்டாஷ் கணினியே அதற்கான கணக்குகளைச் செய்தது. ராக்வெல் நிறுவனத்தின் ஆர்பிஐ முறையைப் பின்பற்றிய சில மோடங்கள், பிழை திருத்தத்தையும் தகவல் சுருக்கத்தையும் விண்டோஸ் மென்பொருளிடம் விட்டுவைத்திருந்தன. அவை லினக்சில் இயங்கினாலும் அந்த வசதிகள் கிடைக்கவில்லை.

லின்மோடம் முயற்சிகள்

வாங்கிய அட்டையைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களுக்காக, வின்மோடங்களை லினக்சில் இயக்கும் முயற்சிகள் 1990களின் இறுதியில் தொடங்கின. அவ்வாறு இயங்கிய மோடங்கள் லின்மோடம் என்று அழைக்கப்பட்டன.

பிரெஞ்சு நிரலாளர் ஃபேப்ரிஸ் பெல்லார்ட், கணினியே மோடமாக நடந்துகொள்ளத் தேவையான கணக்குகளைக் கட்டற்ற மென்பொருளாக எழுத முயன்றார். எஃப்எஃப்எம்பெக், கியூஇஎம்யூ ஆகியவற்றால் பின்னாளில் புகழ்பெற்றவர் இவரே. வி.34, வி.90 போன்ற தரநிலைகளின் கணிதம் கடினமானது. அனுப்பிய ஒலியின் எதிரொலியைக் கழிப்பது, தடத்தின் குறைகளை அளந்து ஈடுசெய்வது எல்லாவற்றையும் இடைவிடாமல் உரிய நேரத்தில் செய்ய வேண்டும். சில முறைகள் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தன. ஆகவே முழுவதும் திறந்த மூல மென்மோடம் ஒன்று அன்றாடப் பயன்பாட்டுக்கு வந்து நிலைபெறவில்லை.

நிறுவனங்களின் ஒத்துழைப்பு பலவகையாக இருந்தது. ஐபிஎம், தன் திங்க்பேட் 600 மடிக்கணினியிலிருந்த எம்வேவ் மோடத்துக்கான லினக்ஸ் இயக்கியின் மூலநிரலை வெளியிட்டது. அது லினக்ஸ் கருனியிலும் சேர்க்கப்பட்டது. லூசென்ட், ஸ்மார்ட்லிங்க் ஆகியவற்றின் மோடங்களுக்குப் பாதி திறந்த இயக்கிகள் கிடைத்தன. வெளிப்புற உறை போன்ற பகுதிக்கு மூலநிரல் இருக்கும். உண்மையான மோடக் கணக்குகள் அடங்கிய பகுதி, படிக்க முடியாத இயந்திரமொழிக் கோப்பாக இருக்கும். லினக்ஸ் கருனி அடிக்கடி மாறுவதால், ஒவ்வொரு புதிய பதிப்பிலும் இவ்வியக்கிகள் இயங்காமல் போக, தன்னார்வலர்கள் மீண்டும் மீண்டும் சரிசெய்தனர். மூடிய கோப்புக்குள் பிழை இருந்தால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

2004இல் எழுந்த உரிமச் சர்ச்சை

கொனெக்சன்ட் மோடங்களுக்கான லினக்ஸ் இயக்கிகளைக் கனடாவைச் சேர்ந்த லினக்சன்ட் நிறுவனம் வழங்கியது. இலவசப் பதிப்பு நொடிக்கு 14,400 பிட் வேகத்துக்கு மேல் செல்லாது. முழு வேகத்துக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும்.

லினக்ஸ் கருனியில் ஏற்றப்படும் ஒவ்வொரு கூறும் தன் உரிமம் எது என்பதை அறிவிக்க வேண்டும். ஜிபிஎல் போன்ற கட்டற்ற உரிமம் இல்லையெனில் கருனி 'மாசுற்றது' எனத் தன்னைக் குறித்துக்கொண்டு எச்சரிக்கை தரும். மூலநிரல் இல்லாத பகுதி உள்ளே இருக்கும்போது ஏற்படும் பிழைகளைத் தங்களால் ஆராய முடியாது என்பதால் கருனி நிரலாளர்கள் இந்த ஏற்பாட்டைச் செய்திருந்தனர். லினக்சன்ட் இயக்கியின் உரிம வரியில் ஜிபிஎல் என்ற எழுத்துகளுக்குப் பின் ஒரு வெற்றுக் குறி இருந்தது 2004 ஏப்ரலில் கண்டுபிடிக்கப்பட்டது. சி மொழியில் வெற்றுக் குறி சரத்தின் முடிவைக் காட்டும். எனவே கருனி 'ஜிபிஎல்' என்று மட்டும் படித்தது. குறிப்பிட்ட கோப்புறையில் உள்ளவற்றுக்கு மட்டுமே ஜிபிஎல் பொருந்தும் என்ற தொடர்ச்சி அதன் கண்ணில் படவில்லை.

இது ஏமாற்று என்று கருனி நிரலாளர்கள் கடுமையாகக் கண்டித்தனர். ஒரே இயக்கியின் பல கூறுகளும் தனித்தனியே எச்சரிக்கை காட்டிப் பயனர்களைக் குழப்பியதாலேயே அவ்வாறு செய்ததாக நிறுவனம் விளக்கமளித்தது. ஓர் எளிய மோடத்தை இயக்குவது, கருனி யாரை நம்பலாம் என்ற கேள்வியாக வளர்ந்தது இந்நிகழ்வில் வெளிப்பட்டது.

யுஎஸ்பி, அகலப்பட்டை, 3ஜி

கணினிகளில் சீரியல் போர்ட் மறைந்து யுஎஸ்பி வந்தபோது 'வெளியே இருந்தால் இயங்கும்' என்ற பழைய விதி தளர்ந்தது. யுஎஸ்பி கம்பி எவ்வகைத் தகவலையும் கொண்டு செல்லும் என்பதால், வெளிப்புற உறைக்குள்ளும் மென்மோடத்தை வைக்க முடிந்தது. ஆயினும் யுஎஸ்பி அமைப்பு, தகவல்தொடர்புக் கருவிகளுக்கென்று ஒரு பொது வகுப்பை 1990களின் இறுதியில் வரையறுத்தது. அதில் ஏசிஎம் என்ற பிரிவு ஏடி கட்டளை மோடங்களுக்கானது. இப்பிரிவைப் பின்பற்றிய மோடத்தைச் செருகியவுடன் லினக்சில் டிடிஒய்ஏசிஎம்0 என்ற கோப்பு தோன்றும். தனி இயக்கி வேண்டியதில்லை. எனவே யுஎஸ்பி மோடம் வாங்குவோர் ஏசிஎம் ஆதரவு உண்டா என்று பார்த்து வாங்கினர்.

அகலப்பட்டையிலும் அதே கதை சிறிய அளவில் நடந்தது. அல்காடெல் ஸ்பீடுடச் போன்ற யுஎஸ்பி ஏடிஎஸ்எல் மோடங்களுக்கு, கணினியிலிருந்து ஒவ்வொரு முறையும் நிலைப்பொருளை ஏற்ற வேண்டியிருந்தது. ஈதர்நெட் கம்பியில் இணையும் ஏடிஎஸ்எல் மோடங்களுக்கு இத்தொல்லை இல்லை. ஈதர்நெட்டும் ஆர்எஸ்-232 போலவே வெளிப்படையான தரநிலை என்பதே காரணம். இந்தியாவில் பிஎஸ்என்எல் நிறுவனம் 2005இல் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியபின், ஈதர்நெட் மோடம் கிடைத்தவர்களுக்கு வின்மோடச் சிக்கல் தானாகவே அகன்றது.

அடுத்து வந்த 3ஜி, சிடிஎம்ஏ யுஎஸ்பி மோடங்களும் ஏடி கட்டளைகளையே பேசின. இணைவதற்கு *99# அல்லது #777 என்ற 'எண்ணை' அவற்றில் சுழற்ற வேண்டியிருந்தது. ஹுவாவே இ220 போன்ற சில கருவிகள், முதலில் செருகும்போது விண்டோஸ் இயக்கி அடங்கிய குறுவட்டாகத் தங்களைக் காட்டிக்கொண்டன. அவற்றை மோடமாக மாற்றுவதற்கென்றே யுஎஸ்பி மோட்சுவிட்ச் என்ற கட்டற்ற நிரல் எழுதப்பட்டது.

இன்றைய நிலை

தொலைபேசிவழி இணையம் இன்று பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. வின்மோட அட்டைகளுக்கு எழுதப்பட்ட மூடிய இயக்கிகள், இன்றைய லினக்ஸ் கருனிகளில் இயங்கும் நிலையில் இல்லை. ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கு முன் செய்த சீரியல் மோடத்தை, யுஎஸ்பி மாற்றி ஒன்றின் துணையுடன் இன்றைய லினக்ஸ் கணினியில் இணைத்து 'ஏடி' என்று அடித்தால், அது இன்றும் 'ஓகே' என்று பதிலளிக்கும். அதனுடன் பேசும் முறை மறைக்கப்படாததே இதற்குக் காரணம்.

ஏடி கட்டளைகள் கைப்பேசிச் சில்லுகளிலும், மாணவர்கள் செயல்திட்டங்களில் பயன்படுத்தும் ஜிஎஸ்எம் பலகைகளிலும், இஎஸ்பி8266 என்னும் வைஃபை சில்லின் நிலைப்பொருளிலும் தொடர்கின்றன. பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் ஆர்டுயினோ ஊனோ பலகையை லினக்ஸ் கணினியில் செருகும் மாணவர், டிடிஒய்ஏசிஎம்0 என்ற பெயர் திரையில் தோன்றுவதைக் காணலாம். அந்தப் பலகையில் தொலைபேசிக் கம்பி எதுவும் இல்லை. எனினும் கணினியுடன் பேசுவதற்கு அது எடுத்துக்கொண்ட வடிவம், வெளிப்புற மோடத்துக்காக வகுக்கப்பட்டதே.